ஒன்பதாவது வார்டு வீட்டுக்காரர்

ஜூன் 12, வியாழன்

இடைத்தேர்தல் முடிவு வந்துவிட்டது. இரண்டு வார்டையும் நங்கூரக் கட்சி தட்டிக்கொண்டு போய்விட்டது. எங்கள் செங்கோடம்பாளையத்தில் பாதிப் பேர் கடலையே பார்த்ததில்லை, இங்கே நங்கூரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இனிமேல் சிரிக்கப் போவதில்லை.

கணக்கு இதுதான். பேரூராட்சியில் பதினைந்து வார்டு. குடைக் கட்சிக்கு ஒன்பது, நங்கூரத்துக்கு ஐந்து, சுயேச்சை ஒன்று என்று இருந்தது. தலைவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். துணைத் தலைவர் மகனோடு இருக்கப் போகிறேன் என்று ராஜினாமா செய்துவிட்டு ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். இரண்டு பேரும் குடைக்காரர்கள். அந்த இரண்டு இடமும் இப்போது நங்கூரத்துக்கு. ஆக ஏழுக்கு ஏழு. புதுத் தலைவரைக் கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடுவில் நிற்கிறது சுயேச்சை ஒன்று. அந்த ஒன்று நான்.

சரியாகச் சொன்னால், என் மனைவி கலாமணி. ஒன்பதாவது வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள், அதனால் அவள் பேரில் நின்றேன். சின்னம் சீப்பு. இந்த வழுக்கைத் தலையை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் "சீப்புக்குப் போடுங்க" என்று கும்பிட்டேன். ஜனங்கள் சிரித்துக்கொண்டே போட்டார்கள். அன்றிலிருந்து ஊருக்குள் எனக்குச் சென்னியப்பன் என்ற பெயர் கிடையாது, கவுன்சிலர்தான். கடை போர்டையும் 'கவுன்சிலர் மோட்டார் காயில் கட்டும் நிலையம்' என்று மாற்றி எழுதிவிட்டேன்.

ஒன்று குறிக்க வேண்டும். இந்த டைரி குடைக் கட்சிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் அவர்கள் தலைவர் என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். முன்பெல்லாம் சும்மா கும்பிட்டார். இன்று காரியமாகக் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

காலையில் குடைக் கட்சி அர்த்தநாரி வந்தார், ஆப்பிளோடு. அவர் செருப்பு வாசலைத் தாண்டுவதற்குள் நங்கூரக் கட்சி வெள்ளியங்கிரி அண்ணன் வந்தார், மாதுளையோடு. இருவருக்கும் தலைவர் ஆசை. இரண்டு பேருமே "கவுன்சிலர் என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்கள். "ஊர் நன்மைதானுங்க முக்கியம்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே ரெண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

கலாமணி இரண்டு தடவை டீ போட்டாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள்:

"ஏனுங்க, யாரு தலைவரா வந்தாலும் தண்ணி நேரத்தை மாத்தச் சொல்லுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வால்வைத் திறந்து விட்டா, எந்தப் பொம்பளை தூங்கறது?"

"ஆட்சியே மாறப் போகுது, நீ தண்ணியில நிக்கற" என்றேன்.

"தண்ணியிலதானுங்க நிக்கறோம்" என்று உள்ளே போய்விட்டாள்.

தண்ணீர் ராத்திரி இரண்டு மணிக்கா வருகிறது? எனக்குத் தெரிந்து நம் வீட்டு டிரம் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்.

ஜூன் 17, செவ்வாய்

சாதாரணக் கூட்டம். பதினைந்து பேரில் எட்டுப் பேர் பெண்கள். அவர்கள் வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிளீச்சிங் பவுடர் மூட்டை அடுக்கியிருக்கும் பின் அறைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் நாற்காலியில் வீட்டுக்காரர்கள் நாங்கள் உட்காருவோம். சட்டத்தில் இடமில்லை. செயல் அலுவலர் நல்ல மனுஷன், எங்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இந்த ஏற்பாட்டில் குடை, நங்கூரம் என்ற பேதமே கிடையாது.

ஊர் எல்லையில் வரவேற்பு வளைவு கட்ட வேண்டும் என்று ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். பின் அறையிலிருந்து ஒரே சிரிப்பு. பேச்சு அறுந்துவிட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டி, கூட்டம் நடக்கிறது என்று நினைவூட்டினேன். குடைக் கட்சியின் மூன்றாவது வார்டு நசீமா எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க கவுன்சிலர்" என்றது. கதவு மூடியதும் முன்னைவிடப் பெரிய சிரிப்பு.

அந்த அறையில் அப்படி என்னதான் பேசுவார்கள்? சமையலாக இருக்கும். வளைவு ஒத்திவைக்கப்பட்டது. தலைவர், துணைத் தலைவர் தேர்தல் இருபத்தேழாம் தேதி என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

ஜூன் 18, புதன்

இரண்டு கட்சிப் பழத்தையும் கலந்து சாப்பிட்டதில் வயிறு சரியில்லை.

ஜூன் 20, வெள்ளி

முடிந்தது. நான் நங்கூரம்.

கொள்கை என்னவென்றால், என் கடை இருக்கும் கட்டிடம் வெள்ளியங்கிரி அண்ணனுடையது. அவர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைக்குள் வந்து, மேலே ஓடுகளைப் பார்த்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல எடம் தம்பி, எத்தனை பேரு கேக்கறாங்க தெரியுமா?" என்றார். அப்புறம் தோளில் கை போட்டு, "துணைத் தலைவர் உனக்குத்தான்" என்றார். ஒரே நிமிஷத்தில் பயந்தும் போனேன், பூரித்தும் போனேன். இரண்டும் சேர்ந்து வந்தால் மனுஷன் எதற்கும் தலையாட்டிவிடுகிறான்.

கலாமணியிடம் சொன்னேன். "வர்ற வெள்ளிக்கெழமை வெள்ளியங்கிரி அண்ணனுக்குப் போட்டுரு. மத்தியானம் நாம துணைத் தலைவர்."

"சரிங்க" என்றாள்.

இதுதான் அவளிடம் எனக்குப் பிடித்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. நங்கூரக் கட்சிக் கவுன்சிலர் தெய்வானையோடு அவர் வீட்டுக்காரர் சாமிக்கண்ணு படும் பாட்டைப் பார்த்தால் நான் புண்ணியவான்.

ஜூன் 21, சனி. ஏற்காடு

தேர்தல் முடியும் வரை குடைக்காரர்கள் எங்களைக் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாதாம். விடியும்முன் காரில் ஏற்றிக் கொண்டுவந்து, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் இறக்கிவிட்டார்கள். மொத்தம் எட்டுப் பேர். வெள்ளியங்கிரி அண்ணனையும் சேர்த்து நிஜக் கவுன்சிலர்கள் மூன்று. மற்ற ஐவரும் வீட்டுக்காரர்கள், நானும் சாமிக்கண்ணுவும் அதில் சேர்த்தி.

வரும் வழியில் ஒருவர் கேட்டார், ஓட்டுப் போடப் போவது அவர்கள்தானே, அவர்களை அல்லவா கூட்டி வந்திருக்க வேண்டும் என்று. வெள்ளியங்கிரி அண்ணன் காரை நிறுத்தச் சொல்லிவிட்டே பதில் சொன்னார்:

"பொம்பளைங்களைக் கூட்டிட்டு மலைக்குப் போனா ஊரு நாலு விதமாப் பேசும். பிள்ளைங்களுக்குச் சோறாக்கறது யாரு? வீட்டுக்காரரு நம்ம கையில இருந்தா, வீட்டுக்காரி எங்கய்யா போயிருவா?"

எல்லோரும் கை தட்டினோம். அர்த்தநாரியும் இதே யோசனையில் தன் வீட்டுக்காரர்களைக் கொடைக்கானலுக்கு ஓட்டிப் போயிருக்கிறாராம். பெரிய தலைகள் ஒரே மாதிரிதான் யோசிக்கும்.

எதிரி போனில் வலை வீசுவான் என்று எங்கள் போன்களை ஒரு மஞ்சப் பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் பேச வேண்டுமானால் அண்ணன் போனில், அண்ணன் முன்னால், ஸ்பீக்கரில்.

ஜூன் 22, ஞாயிறு

குளிர். சீட்டாட்டம். பிரியாணி. ஒரு குரங்கு என் தட்டிலிருந்து பஜ்ஜியை எடுத்துக்கொண்டு, மதிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தபடியே தின்றது. அதற்கு எந்தக் கட்சியும் இல்லை. நிம்மதியாக இருந்தது.

சாமிக்கண்ணுவும் நானும் ஒரே அறை. காலையில் அவர் பையைக் கவிழ்த்துப் போட்டு, "என்ற ஜட்டி எங்கைய்யா?" என்று என்னிடம் கேட்கிறார். அவர் பையை அவரே கட்டினாராம், தெய்வானை "நேரமில்ல, போங்க" என்று சொல்லிவிட்டதாம். தேர்தல் நேரத்தில் அந்த அம்மாவுக்கு அப்படி என்ன வேலை?

என் பையைக் கலாமணி கட்டியிருந்தாள். ஸ்வெட்டர், தைலம், பிரஷர் மாத்திரை, நாளுக்கொரு சட்டை. வெள்ளிக்கிழமைக்குப் புது வேட்டி, தனிக் கவரில். நான் எதையும் எடுத்து வைக்கச் சொல்லவில்லை. தைலத்தைத் திறந்து முகர்ந்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. தைலம் அவ்வளவு காரம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று என் முறை. அண்ணன் போன் மேஜைமேல் இருக்க, ஏழு பேரும் சுற்றி நின்றார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பாடச் சொன்ன மாதிரி எனக்கு வியர்த்தது.

"சாப்ட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

"போட்டேன். தண்ணி வந்துச்சா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"தண்ணிங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம், "வந்துச்சுங்க. ரெண்டு மணிக்கு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பெண்கள் குரல், ஏகப்பட்ட குரல். "வீட்டுல யாரு?" என்றேன்.

"ஒறம்பரைங்க."

"எந்தப் பக்கத்துச் சொந்தம்?"

"எல்லாம் நம்மவங்கதானுங்க."

அண்ணன் குறுக்கே புகுந்தார். "அம்மிணி, வெள்ளிக்கெழமை யாருக்குன்னு ஞாபகம் இருக்குதில்ல?"

"இருக்குதுங்க" என்றாள்.

போனை வைத்ததும் சாமிக்கண்ணு தலையைச் சொறிந்தார். "பின்னால சிரிச்சது என்ற சம்சாரம் மாதிரியே இருந்துச்சுங்கண்ணா."

"பொம்பளைங்க சிரிப்பு எல்லாம் ஒரே மாதிரிதான்யா இருக்கும். சீட்டைப் போடு" என்றார் அண்ணன்.

ஜூன் 25, புதன்

மறுபடியும் பிரியாணி. ரசம் கேட்டேன். இங்கே ரசம் கிடையாதாம்.

ஜூன் 26, வியாழன்

நாளைக் காலை இறங்குகிறோம். நேராகப் பேரூராட்சி அலுவலகம். துணைத் தலைவர் ஏற்புரையை ஏரிக்கரையில் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஊர் நன்மைதானுங்க முக்கியம்" என்று தொடங்குகிறது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. ஊருக்கு என்னதான் வேண்டும் என்று யோசித்தேன். வளைவு ஞாபகம் வந்தது. அப்புறம் தண்ணீர் ஞாபகம் வந்தது. தண்ணீரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் ஞாபகம் வந்தது.

கலாமணியைக் கேட்டு எழுதியிருக்கலாம். போன் மஞ்சப் பையில்.

ஜூன் 27, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

புது வேட்டியில் இறங்கினேன். தேர்தல் நடத்த வெளியூரிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். கண்ணாடி போடாதவர், அதனால் துடைப்பதற்கும் ஒன்றும் இல்லை. வாசலில் கையை நீட்டி மறித்தார்.

"உறுப்பினரா?"

"ஆமாங்க. ஒன்பதாவது வார்டு."

பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கலாமணிங்கறது நீங்களா?"

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எதிர் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பின்னாலேயே சாமிக்கண்ணு வந்தார். கொடைக்கானலிலிருந்து நசீமாவின் வீட்டுக்காரர் வந்தார், குளிரில் தொண்டை கட்டியிருந்தது. கடைசியில் இரண்டு கட்சியின் எட்டு வீட்டுக்காரர்களும் ஒரே பெஞ்சில். ஊரில் இதுவரை யாராலும் செய்ய முடியாத சர்வகட்சி ஒற்றுமை.

பெண்கள் வந்தார்கள். தனித்தனியாக இல்லை, எட்டுப் பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில். கலாமணி என் பக்கம் வந்து, "டிபன் சாப்ட்டீங்களா?" என்றாள். "அண்ணன் பேரு, மறந்துராத" என்று காதோடு சொன்னேன். "சரிங்க" என்று உள்ளே போனாள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், கடமை முடிந்தது என்று இரண்டு வடை சொன்னேன்.

வடை பாதியில் இருக்கும்போது மைக்கில் அறிவித்தார்கள். அர்த்தநாரி நான்கு. வெள்ளியங்கிரி மூன்று. கலாமணி எட்டு.

"எந்தக் கலாமணி?" என்றார் சாமிக்கண்ணு. நானும் அதையேதான் அவரிடம் கேட்க வாயெடுத்தேன்.

முன்மொழிந்தது குடைக் கட்சி நசீமா. வழிமொழிந்தது நங்கூரக் கட்சி தெய்வானை. மத்தியானம் துணைத் தலைவர் தேர்தலும் அதே எட்டு ஓட்டில் முடிந்தது. ஜெயித்தது தெய்வானை. சாமிக்கண்ணு என் கையைப் பிடித்து, "துணைத் தலைவர் நாந்தானுங்களா இப்போ?" என்றார். அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

வெள்ளியங்கிரி அண்ணன் வெளியே வந்து என்னைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 28, சனி

வீடு நிறைய மாலை. ஒன்றுகூட என் கழுத்துக்கு வரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு சமையலறை வாசலில் நின்று கேட்டேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"ஸ்பீக்கர்லயாங்க?" என்றாள்.

"மலைக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்."

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிறுத்தினாள். கோபம் இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது.

"ரெண்டு கட்சிக்காரரும் வந்து, கவுன்சிலர் என்ன நினைக்கறீங்கன்னு உங்களைக் கேட்டாங்க. நான் டீ வெச்சுட்டு அங்கயேதானுங்க நின்னேன். அவுங்களை விடுங்க, அவுங்க வெளியாளு. உங்களுக்குமா என்னைக் கேக்கோணும்னு தோணல?"

"நீ சரிங்கன்னு சொன்ன."

"நீங்க பேசி முடிச்சுட்டீங்கன்னு அர்த்தங்க அதுக்கு."

இருபத்திரண்டு வருஷமாக நான் புண்ணியவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளே சொன்னாள். அந்தப் பின் அறையில் முதல் ஆறு மாதம் சமையல்தான் பேசினார்களாம். அப்புறம் தண்ணீர். எட்டு வார்டிலும் ராத்திரி இரண்டு மணிதான். ஏன் என்று வால்வு திறப்பவரைக் கேட்டிருக்கிறார்கள். பகலில் திறந்தால் வெள்ளியங்கிரி அண்ணன், அர்த்தநாரி இரண்டு பேர் சாயப்பட்டறைக்கும் தண்ணீர் பத்தாதாம். மேடையில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர், குழாயில் மட்டும் ஒற்றுமை.

"உங்ககிட்டச் சொன்னா நீங்க யாருகிட்டச் சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி அண்ணனிடம்தான் சொல்லியிருப்பேன்.

ஜூன் 30, திங்கள்

கலாமணி காலை ஒன்பதரைக்கே அலுவலகம் போய்விட்டாள். முதல் உத்தரவு, நாளை முதல் தண்ணீர் காலை ஆறு மணிக்கு.

கடையில் உட்கார்ந்திருக்கும்போது வெள்ளியங்கிரி அண்ணன் போன் செய்தார். அவர் குரலில் கோபமே இல்லை.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. அம்மிணிக்கு உடம்புக்கு முடியலன்னு ராஜினாமா எழுதி வாங்கிரு. தெய்வானை வீட்டுலயும் சொல்லியாச்சு. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள எனக்குப் பதில் சொல்லோணும். இல்லேன்னா நாளைக்குக் கடைச் சாவியைக் கொண்டாந்து கொடுத்துரு. நீ சொன்னா அது கேக்காதா என்ன?"

கடைசி வாக்கியம்தான் என்னைக் கொன்றது. ஆறு நாளைக்கு முன்னால் என்றால், ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பேன்.

இந்தக் கடையில் பதினெட்டு வருஷம். எனக்குக் காயில் கட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. கவுன்சிலர் வேலையும் தெரியாது என்று இப்போது நிரூபணம் ஆகிவிட்டது. பயமாக இருந்தது. பகல் முழுக்க ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். நயமாக ஒரு மாதிரி, அதட்டலாக ஒரு மாதிரி, அழுகையோடு ஒரு மாதிரி. அழுகைதான் எனக்கு நன்றாக வந்தது.

சாயந்தரம் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் தரையில் கோப்புகளைப் பரப்பி வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணாடி உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டு டப்பா, திறக்காமலே கிடந்தது. நான் வந்து நின்றதுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஒரு வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து, தானாகவே "அட, திருட்டுப் பயலுகளா" என்று சொல்லிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அழகாக இருந்தாள். இதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். "வெள்ளியங்கிரி அண்ணன் பேசினாருங்களா? தெய்வானை போன் பண்ணுச்சு. அவுங்க வீட்டுக்காரரு காலையில இருந்து அழுதுட்டு இருக்காராம்."

"பேசினாரு."

"நீங்க என்ன சொல்றீங்க?"

என்னைக் கேட்டாள். நான் அவளைக் கேட்காத கேள்வியை அவள் என்னைக் கேட்டாள். ஒத்திகை பார்த்த மூன்றும் தொண்டை வரை வந்தன. சாவி சட்டைப் பையில் கனத்தது.

"சோறு எடுத்து வைக்கட்டுமான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றேன்.

கலாமணி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அப்புறம், "ரசம் இருக்குதுங்க, சூடு பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கோப்புக்குள் குனிந்துவிட்டாள்.

அடுப்பைப் பற்ற வைக்கும்போது போன் அடித்தது. அண்ணன்தான். எடுத்து, சத்தம் கூடத்துக்குக் கேட்காமல் இருக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் போனேன்.

"என்ன தம்பி, சொல்லிட்டயா?"

"தலைவர் ஃபைல் பாத்துட்டு இருக்காங்கண்ணா" என்றேன். "இப்பத் தொந்தரவு பண்ண முடியாது. உங்களுக்கு அவங்ககிட்ட ஏதாச்சும் பேசோணும்னா நாளைக்குப் பத்து மணிக்கு மேல ஆபீசுக்கு வாங்க. சாவியை நான் காலையிலயே கொண்டாந்து கொடுத்தர்றேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு, மிச்சமிருந்ததை இரண்டு தட்டில் ஊற்றினேன்.